பாட்டு கேட்கிறது, குஞ்சு பறந்ததா? மீட்டெடுத்த ஆற்றங்கரையில் பறவைக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவின் நடுவில் சென்ட்ரல் வேலி என்ற நீண்ட பள்ளத்தாக்கு இருக்கிறது. வடக்கிலிருந்து சாக்ரமெண்டோ ஆறும் தெற்கிலிருந்து சான் வாக்கீன் ஆறும் அதற்குள் ஓடிவருகின்றன. இரண்டு கரைகளிலும் ஒருகாலத்தில் அடர்ந்து நின்ற காடு, அணை, வெள்ளத் தடுப்புக் கரை, பாதாம் தோப்பு, தக்காளி வயல் என்று ஒவ்வொன்றுக்கும் இடம்விட்டு அழிந்தது. சில இடங்களில் இப்போது அதைத் திரும்ப வளர்த்திருக்கிறார்கள். வசந்தம் வந்தால் அங்கே விடியற்காலையில் நின்று பறவைகளை எண்ணுகிறவர்களோடு நானும் போவதுண்டு. ஊரிலிருந்து வரும் உறவினர்களும் நண்பர்களும் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மரம் வளர்ந்துவிட்டதே, அதைப் பார்த்தாலே தெரியாதா? பறவையை எதற்கு எண்ண வேண்டும்?

மரம் வளர்ந்தது தெரியும். அது காடாகிவிட்டதா என்பது தெரியாது. வரிசை பிடித்து நட்ட ஆயிரம் மரம் தென்னந்தோப்பு மாதிரி நிற்கலாம். உள்ளே போனால் தரையில் காய்ந்த புல்லைத் தவிர ஒன்றும் இருக்காது.

பறவைகளை எண்ணும்போது இந்த வேறுபாடு வெளிப்பட்டுவிடும். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு உயரம் உண்டு. சாங் ஸ்பேரோவும் காமன் யெல்லோத்ரோட்டும் தரையை ஒட்டிய புதரில் கூடு கட்டும். பிளாக்-ஹெடட் கிராஸ்பீக்குக்கு நடுமட்டத்துக் கிளை வேண்டும். புல்லக்ஸ் ஓரியோல் காட்டன்வுட் மரத்தின் உச்சிப் பக்கம் கூட்டைப் பை போலத் தொங்கவிடும். ஒரு தோப்பில் ஓரியோல் இருந்து ஸ்பேரோ இல்லையென்றால், கூரை வந்துவிட்டது, தரைத்தளம் வரவில்லை என்று பொருள். பறவைகள் எண்ணத் தோதானவையும்கூட: பகலில் உலவுகின்றன, தாமே குரல் கொடுத்து இருப்பிடத்தைச் சொல்கின்றன. அதே கரையில் வாழும் ரிபேரியன் பிரஷ் முயலைக் கணக்கெடுக்கப் போய்ப் பாருங்கள், இதன் அருமை புரியும்.

'பாடும் பறவை' என்று எதைச் சொல்கிறீர்கள்? குயிலா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போது எல்லார் முகமும் மாறும். உயிரியல் வகைப்பாட்டில் குயில் பாடும் பறவை அல்ல. காகம் பாடும் பறவை. குரல் உறுப்பின் அமைப்பையும் மரபு வழியையும் வைத்துப் பிரிக்கிறார்கள், நம் காதுக்கு இனிக்கிறதா என்பதை வைத்து அல்ல. இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை தம் பாட்டைப் பெரியவற்றிடம் கேட்டுக் கற்றுக்கொள்பவை.

நடைமுறைக்கு இது முக்கியம். சாக்ரமெண்டோ கரையில் வாழும் மஞ்சள் அலகுக் குக்கூ, குயில் குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் அதன் கூட்டம் 2014இல் அருகிவரும் நிலையில் உள்ளதாக அரசால் அறிவிக்கப்பட்டது. அது அரிதாகவே குரல் கொடுக்கும், அகன்ற காடு கேட்கும். பாடும் பறவைகளுக்கான முறையில் அதைத் தேடினால் தவறவிட்டுவிடுவோம். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு, பதில் வருகிறதா என்று காத்திருக்கும் தனி முறை அதற்கு உண்டு.

எவ்வளவு காடு அழிந்தது? எப்படித் திரும்பி வந்தது?

கலிஃபோர்னியா ஆற்றங்கரைக் காடுகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டதாகக் கணக்கு. வெட்டியது ஒரு காரணம். அணை இன்னொரு காரணம், அது சற்று நுட்பமானது. சான் வாக்கீனில் ஃப்ரையன்ட் அணை 1942இலும், சாக்ரமெண்டோவில் ஷாஸ்டா அணை 1945இலும் முடிந்தன. காட்டன்வுட் விதை பஞ்சோடு பறந்து, வெள்ளம் வடிந்த ஈர மணலில் விழுந்து முளைக்கும். நீர்மட்டம் நாளொன்றுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவில் மெல்ல இறங்கினால் வேர் அதைத் துரத்திக்கொண்டு கீழே போகும். வேகமாக இறங்கினால் நாற்று காய்ந்துவிடும். வசந்த வெள்ளமே வராவிட்டால் முளைக்க இடமே கிடையாது. ஃப்ரையன்ட் அணைக்குக் கீழே ஆறு ஏறக்குறைய 60 மைல் தூரம் பல ஆண்டுகள் வறண்டே கிடந்தது. நீண்ட வழக்குக்குப் பின் 2006இல் உடன்பாடு வந்து, 2009இல்தான் மீட்புக்கான நீரைத் திறந்துவிடத் தொடங்கினார்கள்.

திரும்பி வந்த வழி இடத்துக்கு இடம் வேறு. கொசம்னஸ் ஆற்றில் 1985இல் வெள்ளம் கரையை உடைத்து வயலில் மணலைக் கொட்டியது. அந்த மணலில் யாரும் நடாமலே வில்லோவும் காட்டன்வுட்டும் எழுந்து நின்றன. 'தற்செயல் காடு' என்றே அதற்குப் பெயர். அதைப் பார்த்த பிறகு 1995இல் வேண்டுமென்றே கரையைத் திறந்துவிட்டார்கள். மொடெஸ்டோ ஊருக்கு மேற்கே சான் வாக்கீன் ஆற்றுத் தேசிய வனவிலங்குப் புகலிடத்தில் அப்படி நடக்கவில்லை. அங்கே சுமார் 2,200 ஏக்கரில் 5 லட்சம் மரமும் புதரும் கையால் நட்டார்கள்: வில்லோ, காட்டன்வுட், ஓக், காட்டு ரோஜா, பிளாக்பெர்ரி. வில்லோ வேறொன்றுமில்லை, நம் ஊர் ஆற்றுப்பாலையின் பேரினம்தான்.

எப்படி எண்ணுவீர்கள்? பறந்துகொண்டே இருக்குமே?

அடிப்படை முறை புள்ளிக் கணக்கு. தோப்புக்குள் சுமார் 200 மீட்டருக்கு ஒன்றாக இடங்களைக் குறித்து வைப்பார்கள். சூரியன் எழுந்ததும் முதல் இடத்தில் நிற்க வேண்டும். 5 நிமிடம். 50 மீட்டர் வட்டத்துக்குள் கேட்டதையும் கண்டதையும் எழுத வேண்டும், அதற்கு அப்பால் கேட்டதைத் தனியாக. பிறகு அடுத்த புள்ளி. முற்பகல் சூடு ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். ஜூன் மாதத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் நண்பகலில் பறவையும் பாடாது, மனிதனும் நிற்க மாட்டான்.

எண்ணுவது பெரும்பாலும் காதால்தான். பைனாகுலர் கழுத்தில் சும்மா தொங்கும். இலைக்குள் இருப்பது கண்ணில் படாது, ஆனால் ஒவ்வொரு இனத்தின் பாட்டும் அழைப்பொலியும் தெரிந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டே எழுதலாம். ஒரு பருவம் முழுக்கப் பாட்டுகளை மனப்பாடம் செய்துவிட்டுப் போன என்னை முதல் நாள் காலை ஒரு பெவிக்ஸ் ரென் ஏமாற்றிவிட்டது. ஒரே பறவை, மூன்று விதமான பாட்டு, மூன்று பறவை என்று எழுதிவிட்டேன். கூட வந்தவர் சிரிக்காமல் அடித்துத் திருத்தினார்.

எல்லாப் பறவையும் காதில் விழும் என்று என்ன நிச்சயம்?

நிச்சயம் கிடையாது. 10 பறவை இருக்கும் இடத்தில் 6 காதில் விழலாம். எல்லா இடத்திலும் எல்லா ஆண்டிலும் அதே 6 என்றால் சிக்கல் இல்லை, ஒப்பிட்டுக்கொள்ளலாம். மீட்டெடுத்த தோப்பில் அப்படி இருக்காது என்பதுதான் தொல்லை. நட்டு இரண்டாம் ஆண்டில் செடி இடுப்பளவு, குரல் தடையில்லாமல் வரும். பத்தாம் ஆண்டில் இலையும் கொடியும் ஒலியை விழுங்கும். பறவை கூடியிருக்கும், கணக்கு குறைந்திருக்கும். அதற்காகவே ஒவ்வொரு பறவையும் எவ்வளவு தொலைவில், எத்தனையாவது நிமிடத்தில் கேட்டது என்றும் குறிக்கிறார்கள். தொலைவு கூடக்கூட எவ்வளவு வேகமாகப் பறவைகள் 'காணாமல்' போகின்றன என்பதை வைத்து, தவறவிட்டவை எத்தனை என்று பின்னால் கணக்கிட முடியும்.

காற்று, ஆற்றின் இரைச்சல், எண்ணுகிறவரின் வயது எல்லாமே குறுக்கே வரும். வயது என்று சொன்னது விளையாட்டுக்கு அல்ல. உச்ச சுருதியில் பாடும் சிறு பறவைகளின் குரல்தான் வயதான காதுக்கு முதலில் மறையும்.

நிறையப் பறவைகள் பாடுகின்றன. அப்படியென்றால் மீட்பு வெற்றிதானே?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். வெற்றி என்று சொல்ல அது போதாது.

பாடுவது பெரும்பாலும் ஆண். 'இந்த இடம் என்னுடையது, பெண் யாராவது வருகிறாயா' என்பதே அந்தப் பாட்டு. ஜோடி கிடைக்காத ஆண் இன்னும் அதிகமாகப் பாடும். ஆகவே ஓயாத பாட்டு சில சமயம் வெறும் வீட்டின் அறிகுறி. நல்ல இடங்களை வலிய பறவைகள் பிடித்துக்கொள்ள, இடம் கிடைக்காதவை மட்டமான தோப்பில் கூட்டமாகச் சேர்வதும் உண்டு. பறவை அடர்த்தி வாழிடத்தின் தரத்தைக் காட்டாமல் நம்மை ஏமாற்றலாம் என்று பியட்ரிஸ் வான் ஹார்ன் 1983இலேயே எழுதினார். இதைவிடக் கொடியது ஒன்று உண்டு: பார்வைக்குப் பச்சையாக, பூச்சி நிறைந்து, பறவையை வா வா என்று அழைத்து, கட்டிய கூட்டையெல்லாம் பாம்புக்கும் எலிக்கும் கொடுத்துவிடும் இடம். சூழலியலில் இதற்குப் பொறி என்றே பெயர். அப்படி ஒன்றை நாமே செலவு செய்து நட்டு வைத்தோமா என்பது பாட்டை எண்ணினால் தெரியாது. கூட்டைப் பார்க்க வேண்டும்.

கூட்டைப் பார்த்தால் கணக்கு எளிதுதானே? 20 கூட்டில் 12 பிழைத்தால் 60 விழுக்காடு.

அங்கேதான் பலர் விழுந்தார்கள். நீங்கள் கண்டுபிடித்த கூடுகளில் பல, ஏற்கெனவே பத்து நாள் தாக்குப்பிடித்தவை. கட்டிய மூன்றாம் நாளே அழிந்த கூடு உங்கள் கண்ணில் படவே படாது. அதனால் கண்ட கூடுகளை மட்டும் வைத்துச் சொல்லும் விழுக்காடு எப்போதும் தூக்கலாகவே இருக்கும்.

இதை அவிழ்த்தவர் ஹரால்ட் மேஃபீல்ட். தொழிலால் பறவையியலாளர் அல்ல, நிறுவனம் ஒன்றில் அலுவலர். பறவை அவருக்கு ஆர்வம். 1961இல் அவர் சொன்ன யோசனை, கூடுகளை எண்ணாமல் கூட்டு நாட்களை எண்ணுங்கள் என்பது. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அந்த 20 கூடுகளையும் மொத்தம் 200 கூட்டு நாட்கள் கவனித்தீர்கள், 8 அழிந்தன. ஒரு நாளில் அழியும் வாய்ப்பு 200இல் 8, அதாவது 4 விழுக்காடு. பிழைக்கும் வாய்ப்பு 0.96. அடைகாக்க 14 நாள், குஞ்சு பறக்க 12 நாள், ஆக 26 நாள். 0.96ஐ 26 முறை பெருக்கினால் 0.35 வரும். 60 என்று நினைத்தது 35 ஆகிவிட்டது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ஒரு தோப்பை 'வெற்றி' என்று அறிவித்தால் அடுத்த தோப்பையும் அதே தவறோடு நடுவார்கள்.

கூட்டுக்குப் பக்கத்தில் மனிதர் போனால் பறவை விட்டுவிட்டுப் போய்விடாதா?

போகலாம். அதனால் தினமும் போவதில்லை, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை. வந்த வழியே திரும்பக் கூடாது. கூட்டில் முடியும் ஒற்றையடித் தடம், மோப்பம் பிடிக்கும் விலங்குக்கு விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரி. ஸ்க்ரப் ஜே என்ற காக வகைப் பறவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் அன்று கூட்டுப் பக்கமே போகக் கூடாது, அதற்கு முட்டை என்றால் உயிர். உயரக் கூட்டைக் கம்பில் கட்டிய கண்ணாடியால் பார்ப்பார்கள். அருகிவரும் இனமென்றால் அரசின் தனி அனுமதி இல்லாமல் யாரும் நெருங்க முடியாது.

வலை போட்டுப் பிடிக்கிறார்களாமே?

ஆமாம். மிஸ்ட் நெட் என்ற மயிரிழை வலை, சுமார் 12 மீட்டர் நீளம். பறவையின் கண்ணுக்குத் தெரியாமல் நிழலில் கரைந்து நிற்கும். அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை வலையைச் சுற்றி வந்து பறவைகளை எடுத்து, எண் பொறித்த அலுமினிய வளையத்தைக் காலில் மாட்டி, எடை பார்த்து விட்டுவிடுவார்கள். கையில் இருக்கும்போது மட்டும் தெரிவது சில உண்டு. வயிற்று இறகை ஊதி விலக்கினால் வெற்றுத் தோல் தெரிகிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் அடைகாக்கும் பெண். பிறந்த ஆண்டுக் குஞ்சா, பழையதா என்பதும் தெரியும். கோடையில் விழுந்த இளசுகளுக்கும் பெரியவற்றுக்கும் உள்ள விகிதம், அந்த ஆண்டு இனப்பெருக்கம் எப்படி என்பதற்கு ஒரு குறி. வளையமிட்டது மறு ஆண்டு அதே வலையில் விழுந்தால், ஒரு மழைக்காலத்தைத் தாண்டி உயிரோடு இருக்கிறது என்று பொருள். வட அமெரிக்கா முழுக்க ஒரே ஒழுங்கில் இப்படி வலைபோடும் 'மேப்ஸ்' திட்டம் 1989இலிருந்து நடக்கிறது.

பயிற்சியில்லாதவர் வலையைத் தொடவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மீட்பு பலித்ததற்கு ஒரு பறவையைச் சொல்லுங்களேன்.

லீஸ்ட் பெல்ஸ் விரியோ. சாம்பல் நிறம், பத்து கிராம்கூட எட்டாத எடை, பார்க்க எந்தக் கவர்ச்சியும் இல்லை. ஒருகாலத்தில் வடக்கே ரெட் பிளஃப் ஊர்வரை பள்ளத்தாக்கு முழுக்க இருந்தது. ஆற்றங்கரைக் காடு போனதும் பள்ளத்தாக்கிலிருந்து அடியோடு மறைந்தது. 1986இல் அமெரிக்க அரசு இதை அழிவின் விளிம்பில் உள்ளதாக அறிவித்தபோது, தென் கலிஃபோர்னியாவில் சுமார் 300 ஜோடிதான் மிச்சம்.

2005 ஜூனில் சான் வாக்கீன் புகலிடத்தில், நட்டு மூன்றே ஆண்டான தோப்பில் ஒரு ஜோடி கூடு கட்டியிருப்பது தெரிந்தது. சென்ட்ரல் வேலியில் 60 ஆண்டுகளுக்கு மேல் கழித்து இந்த இனத்தின் முதல் கூடு. கண்டுபிடித்தவர்கள் பாயின்ட் ரேயஸ் பறவை ஆய்வு நிலையத்தின் கணக்கெடுப்பாளர்கள். அந்த அமைப்புக்கு இன்று பாயின்ட் புளூ என்று பெயர். குஞ்சுகள் பறந்தன. அடுத்த ஆண்டும் ஒரு ஜோடி வந்தது.

நட்டு மூன்றே ஆண்டு என்பதைத்தான் நான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்வேன். இந்தப் பறவைக்கு வானளாவிய மரம் வேண்டாம். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் கூடு வைக்கும். அந்த உயரத்தில் இலை அடர்த்தி வேண்டும். மரம் மட்டும் நட்டு விட்டிருந்தால் அது வந்திருக்காது. பறவைக் கணக்கு எடுத்தவர்கள், அடியில் புதரும் செடியும் சேர்த்து நடச் சொல்லி விடாமல் கேட்டார்கள்: காட்டு ரோஜா, பிளாக்பெர்ரி, நம் மாசிப்பத்திரிக்கு உறவான மக்வொர்ட். எண்ணிக்கை நடவு முறையையே மாற்றியது. எண்ணுவதற்கு இதைவிடப் பெரிய பயன் எனக்குத் தெரியவில்லை.

காடு அழிந்ததால் மட்டும்தான் அது குறைந்ததா?

இல்லை, கவ்பேர்ட் என்று ஒரு வில்லன் உண்டு. காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடும் கதை நமக்குத் தெரியும். இங்கே பழுப்புத் தலைக் கவ்பேர்ட் அதைச் செய்கிறது, ஆனால் ஏமாறுவது காகம் மாதிரிப் பெரிய பறவை அல்ல, தன்னில் பாதி எடையும் இல்லாத விரியோ. ஒரு பெண் கவ்பேர்ட் ஒரு பருவத்தில் 40 முட்டைகூட இடும். அதன் குஞ்சு முதலில் பொரிந்து, வரும் தீனியையெல்லாம் வாங்கிக்கொள்ளும், விரியோ குஞ்சுகள் பட்டினியில் சாகும். கால்நடையும் பாசன வயலும் பெருகிய பிறகுதான் இது கலிஃபோர்னியாவில் பரவியது. தென் பகுதியில் 1980களிலிருந்து கூண்டு வைத்துக் கவ்பேர்டைப் பிடித்தார்கள், காட்டையும் காத்தார்கள். 20 ஆண்டில் விரியோ ஏறக்குறைய 10 மடங்கானது.

எண்ணிக்கை குறைந்தால் தோல்வியா?

இனத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். லசூலி பன்டிங் என்ற நீலக் குருவிக்குத் திறந்த, இளம் புதர்க்காடு பிடிக்கும். தோப்பு முதிர்ந்தால் அது விலகும், கிராஸ்பீக் வரும். அதைச் சரிவு என்று சொல்லக் கூடாது. அதுபோல, பாதிப் பறவைகள் குளிர்காலத்தை மெக்சிகோவிலோ அதற்கும் தெற்கிலோ கழிக்கின்றன. அங்கே நடந்த அழிவுக்கு இங்குள்ள தோப்பின் மேல் பழி போட முடியாது. அதனால் எப்போதும் பக்கத்திலேயே மிஞ்சியிருக்கும் பழைய காட்டுத் துண்டு ஒன்றிலும் அதே நாட்களில் எண்ணுவார்கள். இரண்டிலும் குறைந்தால் காரணம் வெளியே. புதுத் தோப்பில் மட்டும் குறைந்தால் மண்வெட்டியைத் தூக்க வேண்டும்.

எத்தனை ஆண்டு எண்ண வேண்டும்?

மூன்றாண்டு நிதியில் முடியும் வேலை அல்ல. ஒரு வறட்சி, ஒரு பெருவெள்ளம் இரண்டையும் பார்த்திருக்க வேண்டும். பத்தாண்டுக்குக் குறைந்த கணக்கை வைத்து யாராவது ஏற்றம், இறக்கம் என்று பேசினால் நான் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டால் ஆள் எதற்கு?

ஆடியோமாத் போன்ற சிறு கருவிகள் மலிவு, மாதக் கணக்கில் மரத்தில் கட்டி வைக்கலாம். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் பல்கலைக்கழகமும் உருவாக்கிய பேர்ட்நெட் என்ற மென்பொருள் அந்தப் பதிவைக் கேட்டு இனம் சொல்லும். ஒரு இனம் இருக்கிறதா, எந்த நாளில் வந்தது என்பதற்கு மனிதரைவிட இது மேல். ஒரே பறவை நூறு முறை பாடியதா, பத்துப் பறவை பத்து முறையா என்று அதற்குத் தெரியாது. கூட்டில் நடப்பதும் தெரியாது. அரிய இனம் என்று அது சொன்னால், ஆள் ஒருவர் அந்தத் துண்டைக் கேட்டுப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

பறவை ஆர்வலர்கள் தாம் கண்டதைப் பதியும் ஈபேர்ட் தளத்தில் நான் போடும் பட்டியல் உதவுமா?

உதவும், மூன்று கட்டுப்பாட்டோடு: பார்த்த, கேட்ட எல்லா இனத்தையும் போடுங்கள், எண்ணிக்கை போடுங்கள், எத்தனை நிமிடம் எவ்வளவு தூரம் என்று போடுங்கள். அரிய பறவையை மட்டும் போட்டுவிட்டுச் சிட்டுகளை விட்டுவிட்ட பட்டியல் ஆய்வுக்கு ஆகாது.

நாங்கள் அந்தப் பக்கம் வந்தால் எங்கே போகலாம்? விரியோவை எப்படி அடையாளம் காண்பது?

ட்வாலமி ஆறு சான் வாக்கீனில் கலக்கும் இடத்தில், பழைய பால்பண்ணையும் தோப்புமாக இருந்த நிலத்தை மீட்டு, 2024 ஜூனில் டாஸ் ரியோஸ் மாநிலப் பூங்கா என்று திறந்திருக்கிறார்கள். மொடெஸ்டோவிலிருந்து 8 மைல்தான். ஏப்ரல், மே மாதக் காலையில் வாருங்கள். விரியோ இருந்தால் காதுக்குத்தான் அகப்படும். அதன் பாட்டு கரகரவென்று அவசரமாக வரும். ஒருமுறை சுருதி ஏறிக் கேள்வி மாதிரி முடியும், அடுத்த முறை இறங்கிப் பதில் மாதிரி முடியும். கேட்டால் நின்ற இடத்தையும் நேரத்தையும் குறித்துப் பூங்கா ஊழியரிடம் சொல்லுங்கள். கைப்பேசியில் அதன் பாட்டைப் போட்டுக் கூப்பிடாதீர்கள். கூடு எங்கே என்று தேடிப் புதருக்குள்ளும் போகாதீர்கள்.